ஏழாம் எண் கட்டடம்

மணிலாவில் பிறந்து வளர்ந்த ஒருவன் மணிலாவில் வழி தவறுவது நடக்காத காரியம். அப்படியே தவறினாலும் அது நகரத்தின் குற்றமே தவிர அவனுடையதல்ல. இதைக் காசியானோ வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவனுக்குரிய முழுப் பொறுப்போடு கல்லூரிப் பத்திரிகைக்குப் பெயர் போட்டு எழுதியிருந்தான். வழி தெரியாமல் போனால் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்ளும் ஊர்ப் பழக்கத்தையும் அதே கட்டுரையில் அவன் விட்டுவைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாதவர்கள் நம்மைச் சுற்ற விடுகிறார்களாம், சட்டை மாறினால் அவர்களுக்கு ஆள் அடையாளம் குழம்பிவிடுமாம். 'தையல் விளிம்பைக் கண்டே குழம்பிப் போகிற பூதத்துக்கு நாம் எதற்குப் பயப்பட வேண்டும்?' என்று கேட்டு முடித்திருந்தான்.

கட்டுரையோடு ஒரு வரைபடமும் தயாராகியிருந்தது. எஸ்கோல்டா தெருவில் தொடங்கி பினோண்டோவில் முடியும் பதினொரு பழைய கட்டடங்கள். வழிகாட்டி தேவையில்லை, தாளைப் பிடித்துக்கொண்டு அவரவரே நடந்து பார்த்துக்கொள்ளலாம். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை நடந்து சரிபார்த்துவிடலாம் என்று ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துப் புதன்கிழமை மதியம் கிளம்பினான். வகுப்புத் தோழி லுனிங்னிங் ஆறு கட்டடங்கள் வரை கூட வந்தாள். ஏழாவதின் வாசலில் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். ஐந்து மணிக்கு அவளுக்கு ஊருக்குப் பஸ்.

"எங்க சித்தி போன வருஷம் பார்க்கிங்ல கார் எங்கன்னு தெரியாம ஒரு மணி நேரம் சுத்தினாங்க. சட்டையத் திருப்பிப் போட்டாங்க, அடுத்த தூணுக்குப் பின்னால கார் நிக்குது," என்றாள்.

"உங்க சித்தி முதல்லயே தூணுக்குப் பின்னால பாத்திருக்கலாம்."

"சரிடா மேதை. மாட்டிக்கிட்டா எனக்குப் போன் பண்ணாத. நான் பஸ்ல தூங்கிடுவேன்."

வாசலில் காவலாளி மாங் எஃப்ரென் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டடத்தில் இப்போது யாரும் குடியில்லை. நாலு மணிக்குப் பூட்டிச் சங்கிலி போட்டால் திங்கட்கிழமைதான் திறப்பேன், எனக்கும் ஊர் இருக்கிறது என்றார். உள்ளே போருக்கு முன்னால் கட்டியதும் பின்னால் கட்டியதுமாக இரண்டு கட்டடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கொஞ்சம் சுத்தவிடும் என்றும் எச்சரித்தார். காசியானோ அவரை அண்ணன் முறையில் குயா என்று அழைத்து, வரைபடத்தை விரித்துக் காட்டினான்.

"நான் வரைஞ்சது, குயா. எனக்கே வழி சொல்றீங்களா?"

அவர் பதிவேட்டைத் தள்ளினார். வந்த நேரம் மூன்று என்று எழுதினான். பக்கத்துக் கட்டத்தில் போன நேரம் மூன்றரை என்றும் அப்போதே எழுதிவிட்டான். திரும்பும்போது இன்னொரு தடவை பேனா தேட யாரால் முடியும்? மணிலாவில் கல்லூரிக்குப் போன எவனும் அப்படித்தான் எழுதுவான்.

ஐந்தாம் மாடிக் கூரையின் பூவேலையை நாற்பது படம் எடுத்ததும் போன் செத்தது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இறங்கத் தொடங்கினான். மூன்றாம் மாடி நடைவழியில் பழைய பல் வைத்தியரின் பலகை தொங்கியது. அதில் ஒரு பெரிய கடைவாய்ப்பல், கையும் காலும் வைத்து, சிரித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி வரைபடம் சொன்னபடி வலப்பக்கம் திரும்பி, ஐந்து படி ஏறி, பன்னிரண்டு படி இறங்கினான். மறுபடி பல் சிரித்தது.

இன்னொரு படிக்கட்டைப் பிடித்தான். அது கீழே கீழே போய், கதவு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் சுவரில் முடிந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. பின்னால் மேலே எங்கோ ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. காற்று, என்று உரக்கச் சொன்னான். சொன்ன குரல் தன்னுடையது மாதிரி இல்லாததால் இன்னொரு தடவை சொல்லவில்லை.

ஏறி வந்தபோது, முன்பு திறந்திருந்த அறைகளில் ஒன்று மூடியிருந்தது. எது என்று நினைவுபடுத்திக்கொள்ள அவன் விரும்பவில்லை. கூரைக்கு மேலே ஏதோ நடக்கும் சத்தம் கேட்டது. புறா என்று வைத்துக்கொண்டான். அவன் நின்றால் புறா நின்றது. அவன் நடந்தால் அதுவும் நடந்தது.

அப்போதுதான் பதிவேடு ஞாபகத்துக்கு வந்தது.

போன நேரம், மூன்றரை. தன் கையெழுத்தில். நாலு மணிக்கு மாங் எஃப்ரென் பதிவேட்டைப் பார்ப்பார், எல்லாரும் போயாயிற்று என்று சங்கிலியைப் போடுவார். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஐந்து இரவுகள். பையில் அரை பாட்டில் தண்ணீரும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் இருந்தன. 

ஓடினான். கம்பி போட்ட ஜன்னல் ஒன்று தெருவைப் பார்த்தபடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கத்தினான். கீழே தெருமுனைக் கூடாரத்தில் நான்கு பெண்கள் ஒலிபெருக்கியில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள், திங்கட்கிழமையிலிருந்து விடாமல். அவன் மூச்சு வாங்கும்போது அவர்களும் மூச்சு வாங்கினார்கள், அவன் கத்தும்போது சரியாக அவர்களும் உச்சத்துக்குப் போனார்கள். ஒரு நாய் மட்டும் தலை தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மூன்றாம் தடவையாகப் பல் சிரித்தது. இம்முறை அதற்கு விஷயம் தெரிந்திருந்தது. நடைவழியில் வெளிச்சம் கொஞ்சம் குறைந்ததுபோல் பட்டது. முதுகுக்குப் பின்னால் மிக அருகில் யாரோ நிற்பதற்குரிய அமைதி. திரும்பிப் பார்க்கவில்லை.  பினோண்டோ கோயில் மணி நாலு அடித்தது. கீழே, தொலைவில், இரும்புச் சங்கிலி தரையில் இழுபட்டது.

காசியானோ பையைக் கீழே வைத்தான். வரைபடத்தை அதன்மேல் வைத்தான். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று பல்லைத் தவிர எல்லாத் திசையிலும் பார்த்துவிட்டு, சட்டையைத் தலைவழியே உருவினான். கண் மூடிய அந்த ஒரு நொடி தாங்க முடியாததாக இருந்தது. அவசரத்தில் ஒரு கை ஓட்டை இரண்டு தடவை தப்பியது. தையல் வெளியே தெரிய, கழுத்துப்பட்டை தொண்டையில் குத்த, மாட்டிக்கொண்டான். பையை எடுத்தான். தாள் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தைரியம் இல்லை.

கையில் தாள் இல்லாததால் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது மறந்துபோனது. சங்கிலிச் சத்தம் இடப்பக்கம் கேட்டது. அந்தப் பக்கமே ஓடி, கிடைத்த படிகளில் இறங்கினான்.

கம்பிக்கதவில் போய் மோதியபோது, வெளியே பூட்டும் கையுமாக நின்ற மாங் எஃப்ரென் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

"நீ அப்பவே போயிட்டேன்னு எழுதியிருக்கியேப்பா."

"போகல, குயா."

சங்கிலியை அவிழ்த்தார். அவன் நெஞ்சில் வெளியே தெரிந்த தையல்களைப் பார்த்தார்.  பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். மூன்றரையை அடித்துவிட்டு, நாலு ஐந்து என்று காசியானோ எழுதினான். எழுத்து கோணலாக வந்தது.

"இப்ப நேராப் போட்டுக்கலாமே தம்பி. வெளிய வந்துட்டியே."

காசியானோ தெருவைப் பார்த்தான். கடைகள் அடைத்திருந்தன. ஜீப்னி வண்டி நிற்கும் இடத்துக்கு இரண்டு தெரு நடக்க வேண்டும், ஒரு திருப்பம்.

"இருக்கட்டும், குயா," என்றான் மெதுவாக. "வீடு போய்ச் சேந்துடறேன்."