போஸ்டருக்கு வந்த கொக்கி

எங்கள் வார்டில் நோயாளியின் மூத்திரக் குழாய்ப் பையைத் தொங்கவிடும் கொக்கி ஒரு கட்டிலில்கூடக் கிடையாது. எல்லாம் எப்போதோ உடைந்து போனவை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் நர்சுகள் நாங்கள் பேண்டேஜ் துணியைக் கிழித்து, பையைக் கட்டிலின் கீழ்க்கம்பியில் கட்டி வைப்போம். பை இடுப்புக்குக் கீழே இருந்தால்தான் மூத்திரம் குழாய் வழியாகத் திரும்ப உள்ளே ஏறாது. ஏறினால் கிருமியும் கூடவே ஏறும்.

ஜன்னலோரக் கட்டிலில் தையல்காரர். ஆபரேஷன் முடிந்து நன்றாகத் தேறிவிட்டார். குழாயை எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எடுக்க டாக்டர் சொல்ல வேண்டும். டாக்டரோ, குழாய்ப் பராமரிப்பைச் சோதிக்க வரும் குழுவை வரவேற்க வாசலில் நின்றார்.

"சிஸ்டர், இந்த வாலை எப்ப வெட்டி விடப் போறீங்க? கத்திரி வேணும்னா நான் தரேன்" என்றார் தையல்காரர்.

"டாக்டர் வரட்டும்ணே."

டாக்டருக்கு முன்னால் மேட்ரன் வந்தார்.

"என்ன இது, கந்தல் கந்தலா தொங்குது? எல்லாத்தையும் அவுத்துட்டு, பையைப் போர்வைக்குள்ள வைங்க."

"மேடம், பை மேல இருந்தா மூத்திரம் திரும்பிடும்."

"அவங்க வந்து போற வரைக்கும்தானே? மானத்தை வாங்காதீங்க."

மாட்டேன் என்று நின்றேன். என்னை ஸ்டோருக்கு விரட்டிவிட்டு, வேறொருத்தியை வைத்து அவிழ்த்தார். குழு போகும்வரை என்னை வார்டுப் பக்கமே விடவில்லை.

குழு சாப்பாடு, பேச்சு, போட்டோ எல்லாம் முடித்துச் சாவகாசமாகச் சாயங்காலம் வந்தது. அதுவரை பை தையல்காரரின் தொடையோரம் குழந்தை மாதிரிப் படுத்திருந்தது. வார்டு பளிச்சென்று இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்களாம். போர்வையை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் தையல்காரருக்குக் குளிர்ஜுரம். கட்டிலே ஆடியது. வீட்டுக்குப் போகிற பேச்சு நின்றுபோனது. பழைய குழாயை எடுக்க நேரமில்லாத டாக்டர், புதுக் குழாய் போட மட்டும் ஓடி வந்தார். போட்டுவிட்டு, தையல்காரரின் மனைவியிடம், "நீங்க சுத்தமா வச்சுக்கலம்மா, அதான்" என்று சொல்லிவிட்டும் போனார்.

அந்த அக்கா என்னிடம் வந்து கையைப் பிசைந்தார். "தினமும் துடைச்சுத்தானே விட்டேன் சிஸ்டர். எங்க தப்பு பண்ணேன்?"

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். குழு கொடுத்துவிட்டுப் போன போஸ்டர்கள் வரிசையாக, படத்தோடு தொங்கின: 'பையை எப்போதும் கீழே தொங்கவிடவும்.' ஒவ்வொன்றும் பளபளக்கும் புதுக் கொக்கிகளில்! காகிதத்துக்குக் கொக்கி வாங்கத் தெரிந்தவர்களுக்கு மனுஷனுக்கு வாங்கத் தெரியவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.

மேட்ரன் வந்தபோது வார்டுச் சுவர் மொட்டையாக இருந்தது.

"போஸ்டரெல்லாம் எங்க?"

"உங்க மேசை மேல இருக்கு மேடம்."

கடைசிக் கொக்கியைத் தையல்காரரின் கட்டிலில் மாட்டிப் பையைத் தொங்கவிட்டேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: "அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்க ஆஸ்பத்திரி மேல."

மேட்ரன் பல்லைக் கடித்தார். "நோயாளி வீட்டாளுங்க முன்னாடியா இதெல்லாம் பேசுறது?"

"பழி போட்டது அவங்க முன்னாடிதானே மேடம்?"