இன்னும் ரெண்டு வளைவு

எர்சிலியாவின் சைக்கிளை நான் சரி செய்யாமல் இருந்திருந்தால் அது நன்றாகவே ஓடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, கியரைக் கொஞ்சம் பதமாக்கித் தருகிறேன் என்று கை வைத்தேன். மறுநாள் காலை, பள்ளத்தாக்கின் முதல் கொண்டை ஊசி வளைவில் அவள் லேசான கியருக்கு மாற்றியதுதான் தாமதம், செயின் சக்கரக் கம்பிகளுக்குள் பாய்ந்தது. கியர் மாற்றும் கொக்கி வெள்ளரிப் பிஞ்சு மாதிரி முறிந்து தொங்கியது.

அவள் இறங்கி நின்று அதைப் பார்த்தாள்.

“நல்லாப் பதமாயிடுச்சு,” என்றாள்.

நான் இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவார ஊரான தோமோதோசோலாவில் பிளம்பர். குழாயில் வலது பக்கம் திருகினால் மூடும். சைக்கிளுக்கும் அதே நியாயம்தான் என்று நம்பியிருந்தேன்.

முறிந்ததைக் கழற்றி, செயினை வெட்டிக் குட்டையாக்கி, ஒரே பல்சக்கரத்தில் மாட்டினேன். இனி அந்த சைக்கிளுக்கு ஒரே கியர். அது சமதரையில் கியர், ஏற்றத்தில் தண்டனை. தண்டனையை நானே ஏற்று, என் சைக்கிளின் இருக்கையைத் தாழ்த்தி, அந்த சைக்கிளை அவளிடம் கொடுத்தேன்.

“மேல அருவித் தண்ணிய மூடறதுக்குள்ள போக முடியாது போலிருக்கே,” என்றேன்.

“போற நேரத்துக்குப் போவோம். ஏறுங்க, பிளம்பரே.”

மேலே இருக்கும் அருவி எங்களுக்குச் சொந்தமில்லை. மின்சாரக் கம்பெனி அணையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கோடை ஞாயிறுகளில் மட்டும், வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுக்கட்டும் என்று, மதியம் வரை திறந்துவிடுவார்கள். எர்சிலியாவின் கணவர் தார்சீசியோ அந்த அணையில் காவலராக இருந்தவர். ஞாயிறுகளில் தண்ணீரைத் திறந்து மூடும் சக்கரத்தைத் திருப்பியது அவர் கைதான். அவர் இறந்த பிறகு அவள் இந்தச் சாலையில் ஏறியதே இல்லை.

சித்திரை வெயில் தொடங்கிய நாளில், என்னைக் கட்டிக்கொள்வீர்களா என்று அவளிடம் கேட்டிருந்தேன். “அருவிக்குப் போய்ப் பேசலாம்,” என்றாள். பிறகு பனி உருகவில்லை, முழங்கால் வலி, தங்கை பேத்திக்கு ஞானஸ்நானம். ஆடியும் வந்துவிட்டது. சொட்டுகிற குழாயை நிறுத்துகிறவன் நான். அவரோ ஓர் அருவியையே திறந்துவிட்டவர். போட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்கள் சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பவனிடம் உண்மையைச் சொல்லக் கூடாது. ‘இன்னும் ரெண்டு வளைவு’ என்றுதான் சொல்ல வேண்டும். இருபது இருந்தாலும் ரெண்டுதான். உண்மை தெரிந்தால் அவன் அங்கேயே இறங்கிவிடுவான். எர்சிலியா இந்த வழக்கத்தை என் கல்யாணத்துக்கும் நீட்டித்திருந்தாள். யோசிச்சீங்களா என்று எப்போது கேட்டாலும், “இன்னும் ரெண்டு வளைவு, பிளம்பரே.”

அவளுடைய சைக்கிளில் என் முழங்கால்கள் ஹேண்டில்பாரோடு சண்டை போட்டன. பள்ளத்தாக்கு விரிந்து நடுவழியில் ஒரு சின்ன ஊர் வரும் இடத்தில், கௌதென்சியோ தன் காப்பிக் கடை வாசலில் நின்று என்னை நிதானமாகப் பார்த்தான்.

“என்னய்யா, சர்க்கஸ் கரடிய யாரு அவுத்து விட்டது?”

“சைக்கிள் அவங்களோடது.”

“புத்தி மட்டும் ஒன்னோடதாக்கும்.” பின்னால் வந்தவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். “எர்சிலியாக்கா! எவ்வளவு நாளாச்சு!”

“ஆச்சு, கௌதென்சியோ. தண்ணி ஓடுதா மேல?”

“ஓடுது, ஓடுது. இந்த ஆளு போற வேகத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைத் தண்ணிதான் கெடைக்கும்.”

“இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“ரெண்டு வளைவு,” என்றார்கள் இருவரும்.

கௌதென்சியோ பாட்டில்களை நிரப்பி, ஆளுக்கொரு பழைய செய்தித்தாள் கொடுத்தான். வியர்வையோடு இறங்கும்போது காற்று நெஞ்சில் அறையும். சட்டைக்குள் தாளைத் திணித்துக்கொண்டால்தான் ஊர் போய்ச் சேரலாம்.

கடைசி வளைவுகள் சுவரில் ஏணி சாத்திய மாதிரி நின்றன. நான் பெடலில் எழுந்து நின்று மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டேன். பாதி வழியில் புனிதர்கள் தீர்ந்து போனார்கள். எர்சிலியா என் சைக்கிளில், கைக்கெட்டும் தூரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் நினைத்தால் எப்போதோ மேலே போயிருக்கலாம்.

“நீங்க போங்க. நீங்களாவது தண்ணியப் பாருங்க,” என்று கத்தினேன்.

“தனியாப் போய் நிக்கவா இத்தன வருஷம் வராம இருந்தேன்? மிதிங்க!”

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. தலைக்குள் இறங்கத்தான் மூச்சு இடம் கொடுக்கவில்லை.

அருவியின் இரைச்சல் கேட்டது. சாலையெல்லாம் சாரல். இன்னும் ரெண்டே வளைவு. இந்த முறை நிஜமாகவே ரெண்டு. அப்போது இரைச்சல் மெலிந்தது. குழாய் மூடுகிற சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். இது கொஞ்சம் பெரிய குழாய், அவ்வளவுதான்.

மேலே போனபோது பாறை கறுப்பாக ஈரத்தில் மின்னியது. நூல்போல ஒரு தாரை. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“மன்னிச்சிடுங்க, எர்சிலியா. ஒரு திருகாணியத் திருகி அருவியவே கெடுத்துட்டேன்.”

அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் போனது. மாட்டு மணிச் சத்தம் மட்டும் கீழிருந்து வந்தது.

“தண்ணி ஓடறப்ப நான் வந்ததே கெடையாது,” என்றாள். “அப்ப அவருக்கு வேல. கீழ் வளைவுல காத்திருந்து, இந்தச் சத்தம் அடங்கினதும்தான் சாப்பாட்ட எடுத்துக்கிட்டு ஏறி வருவேன். மூடிட்டு நேரா என்கிட்ட வருவாரு. இங்கதான் உக்காந்து சாப்பிடுவோம்.” மூக்கை உறிஞ்சினாள். “அழுதுடுவேன்னு பயந்தேன். அழுகைதான் வருது. ஆனா பயந்த மாதிரி இல்ல.”

நான் ரெண்டு சைக்கிள்களையும் வேலியில் சாய்த்து வைத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “நனைஞ்சு நிக்கறீங்க. தாள எடுங்க.” என் சட்டை ஜிப்பை இறக்கினாள். செய்தித்தாளைப் பிரித்து, மரண அறிவிப்புப் பக்கத்தைத் தனியே எடுத்து மடித்து வைத்துவிட்டு, கால்பந்துப் பக்கத்தை என் நெஞ்சில் வைத்து ஓரமெல்லாம் நீவிவிட்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

“எர்சிலியா, பொய் வேணாம். இன்னும் எவ்வளவு தூரம்?”

அவள் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

“கட்டிக்கறேன், ஃபுல்வியோ. செப்டம்பர்ல. என் சைக்கிளத் தொடக் கூடாது.”