மணமகள் வாத்தும் றஜனியும்

யசிந்தா வேலை செய்த முதியோர் இல்லம் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரின் ஓரத்தில், ஒரு சிறிய குளத்தை ஒட்டி இருந்தது. அந்த வசந்தத்தில் குளத்துக்கு ஒரு புதுப் பறவை வந்தது. சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். யாரோ வளர்த்த இடத்திலிருந்து சோடியாகத் தப்பி வந்த மணமகள் வாத்து என்றார் எமிலியா. அங்கே வசித்த எமிலியா ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியை.

தோட்டத்தையும் கட்டடத்தையும் பராமரித்த நிக்கலஸ், தண்ணீருக்குள் கம்பம் நட்டு, புதுப் பலகையில் பெட்டிக் கூடு செய்து மாட்டினான். உள்ளே சின்னக் கமரா ஒன்றைப் பொருத்தி, பொது அறைத் தொலைக்காட்சிக்கு வயர் இழுத்தான். வாத்து உள்ளே நுழைந்ததை முதலில் கண்டவள் யசிந்தாதான். அன்று முதல் அது எல்லாருக்கும் 'எங்கள் வாத்து' ஆகிவிட்டது. பார்க்க வரும் பிள்ளைகளை முதியவர்கள் முதலில் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருத்தினார்கள். தன் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கி முட்டைகளை மூடியது என்று, ஏதோ தங்கள் மகள் செய்ததுபோலச் சொன்னார்கள்.

யசிந்தாவின் தங்கை றஜனி அப்போது முள்ளிவாய்க்காலில் இருந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு தொடர்பில்லை. மே மாதத்தில் யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. யசிந்தாவின் கணவன் பிரதீபன் தமிழர்களின் கண்டன ஊர்வலத்துக்காக கொப்பன்ஹேகன் போனான். வீட்டில் தனியே இருந்தால் தொலைபேசியைப் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் என்று யசிந்தா வேலைக்குப் போனாள். அங்கே யாரிடமும் தங்கையைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை.

அந்த வாரத்திலேயே, ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தைய நாள், குஞ்சுகள் பொரித்தன. மறுநாள் திருநாள் விடுமுறை. நிக்கலஸ் இல்லை. காலையில் தாய் வெளியே பறந்து, தண்ணீரில் நின்று குஞ்சுகளைக் கூப்பிட்டது. கமராவில் குஞ்சுகள் வாசலை நோக்கித் தாவுவது தெரிந்தது. தாவியவை பாதிச் சுவரில் வழுக்கி விழுந்தன. திரும்பத் தாவின, திரும்ப விழுந்தன. இழைத்த பலகை கண்ணாடிபோல இருந்தது. நகம் பிடிக்க ஒன்றுமில்லை.

தாய் உள்ளே வந்து போய் மறுபடி கூப்பிட்டது. மதியம் நெருங்கியபோது சில குஞ்சுகள் தாவுவதை நிறுத்திவிட்டன. நிக்கலஸை அழைத்தார்கள்; தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. கிட்டப் போனால் தாய் பயந்து கைவிட்டுப் போய்விடலாம், போகாதே என்று எமிலியா தடுத்தார்.

"நான் போகாவிட்டால் அவை உள்ளேயே செத்துப்போகும்" என்றாள் யசிந்தா.

குளியலறையில் விரிப்பு வழுக்காமல் கீழே போடும் ரப்பர் வலையில் ஒரு நீளத் துண்டு வெட்டினாள். நிக்கலஸின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஏணியைத் தூக்கிச் சேற்றுக்குள் இறங்கினாள். தாய் அக்கரைக்குப் பறந்தது. கூட்டின் மூடியைத் திறந்து, வலையை வாசல் பக்கச் சுவரில் தொங்கவிட்டு, மேல் நுனியை மூடிக்குள் நெரித்து மூடினாள். இடுப்புவரை நனைந்தபடி உள்ளே வந்து, மற்றவர்களோடு தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றாள்.

வெகுநேரம் தாயைக் காணவில்லை. பிறகு தாயின் குரல் கேட்டது. ஒரு குஞ்சு வலையில் நகத்தைக் கொழுவி, தள்ளாடி ஏறி, வாசலில் நின்று, குதித்தது. பின்னால் அடுத்தது. சோர்ந்து கிடந்தவையும் எழும்பின. கடைசிக் குஞ்சு போய்க் கூடு வெறுமையானபோது எமிலியா யசிந்தாவின் ஈரக் கையைப் பிடித்து, "நான் சொன்னதை நீ கேட்காதது நல்லது" என்றார். அன்று மாலை தலையை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள் யசிந்தா. வீட்டுக்குள் நுழைந்ததும் தொலைபேசியைப் பார்த்தாள். யாரும் அழைத்திருக்கவில்லை.

ஜூன் மாதத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து, யாருடையதோ தொலைபேசியில்.

"அக்கா, நான் றஜனி. உயிரோட இருக்கிறம்."

"பிள்ளைகள்?" என்று மட்டும் கேட்டாள் யசிந்தா.

"என்ரை ரெண்டும் நிக்குதுகள். பக்கத்து பங்கரிலை இருந்த சனத்தின்ரை மூண்டும் என்னோடதான். அதுகளின்ரை தாய் தேப்பன் ஷெல் விழுந்து செத்திட்டினம். விட்டிட்டு வர ஏலுமே? கையை விடாதேங்கோ எண்டு சொல்லிச் சொல்லி, கழுத்தளவு தண்ணிக்குள்ளாலை எல்லாரையும் கொண்டு வந்திட்டன்."

"நீயோ?" என்றாள் யசிந்தா. தவளை கண்டால் கிணற்றடிக்குப் போகாத றஜனி அவள்.

"ஓம், நான்தான்."

அழைப்பு அறுந்தது. பிரதீபன் வந்தபோது யசிந்தா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

மறுநாள் கோப்பி நேரத்தில் எமிலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யுத்தம், கடல்நீரேரி, ஐந்து பிள்ளைகள். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. மற்றவர்களும் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்கள். என் தங்கை என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் குரல் உயர்ந்தது.

எமிலியா அலுமாரியைக் காட்டினார். பிறந்தநாளுக்கு மட்டும் மேசையில் வைக்கும் சின்ன டேனிஷ் கொடி அங்கே இருந்தது. யசிந்தா எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதைக் கேக்குக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, இன்று யாருக்குப் பிறந்தநாள் என்று விசாரித்த கிழவரிடம் சொன்னார்:

"பிறந்தநாள் இல்லை. இது றஜனிக்கு."