விளக்கு வந்த இடம்

கேகாலையில் புடவைக்கடை வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கி நடந்து வந்த நிலுஷாவை, இறப்பர் மரங்களுக்கு நடுவே பாதை திரும்பும் இருட்டு முடக்கில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். கத்தியதும் ஓடிவிட்டான்.

"அங்க லைட்டு போடுற வரைக்கும் நீ வேலைக்குப் போகாத" என்றாள் அக்கா கலைச்செல்வி.

அவர்கள் குடியிருந்த இறப்பர் தோட்டத்தில் சமுதாயப் பொலிஸ் கூட்டம் வைத்த சார்ஜன் வழி சொன்னார். போனிலேயே முறைப்பாடு போடலாம். முறைப்பாடு கூடிய இடம் பொலிஸ் வரைபடத்தில் சிவக்கும். பிரதேச சபை அதைப் பார்த்துத்தான் விளக்குப் போடும்.

"ஒண்ணு பத்தாதுங்களா மாத்தயா?" என்றாள் கலைச்செல்வி.

"பத்தாது நங்கி. நல்லா செவக்கணும்."

கலைச்செல்வி தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினாள். முடக்கில் பயந்த பெண்களையெல்லாம் முறைப்பாடு போட வைத்தாள். கோழித் திருட்டு, குடிகாரச் சண்டை என்று கிடைத்ததையும் சேர்த்தாள்.

"எம்புருசன் அடிச்சதையும் போடவா?" என்றாள் தங்கம்மா.

"போடுக்கா. அண்ணன் மூஞ்சியும் சேந்து செவக்கட்டும்."

தீபாவளியன்று லயத்தில் நடந்த சண்டையைப் போட்டது கலைச்செல்வியேதான். செய்தது யார் என்ற கட்டத்தை நிரப்பாமல் போன் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. அந்தச் சண்டையில் இருந்த தம்பி நிரஞ்சனின் பெயரைப் போட்டாள்.

இடம் கேட்ட கட்டத்தில் எல்லோரும் எழுதியது ஒரே முகவரி. லய வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர்தான். முடக்கில் நடந்ததற்கும் அதையே எழுதினார்கள்.

வரைபடம் சிவந்தது. லயங்களின் மேல் ஒரே பெரிய வட்டம். முடக்கில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஞாயிறு காலை ஜீப்புகள் வந்தன. அரிசி வாளிவரை கிளறினார்கள். நிரஞ்சனை ஏற்றினார்கள்.

"மாத்தயா, அது நான்தாங்க போட்டேன். லைட்டுக்காக."

"அப்ப பொய் முறைப்பாடா? அதுக்கும் கேஸ் இருக்கு."

கலைச்செல்வி தம்பியைப் பார்த்தாள்.

"இல்லீங்க. நடந்ததுதான்."

"சரி, விலகு."

நிரஞ்சனை வழக்கு முடியும்வரை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள். அவன் சம்பளம் நின்றது. நிலுஷா மறுபடி வேலைக்குப் போனாள்.

விளக்கும் வந்தது. லயத்து வாசலில் சோதனைச் சாவடி போட்டு, அதன்மேல் வீட்டுக் கதவுகளைப் பார்த்தபடி மாட்டினார்கள்.

விளக்கு எரிந்த முதல்நாள் மாலை தங்கையைக் கூட்டிவரக் கலைச்செல்வி இறப்பர் பால்வெட்டும் கத்தியோடு இறங்கினாள். அந்த வெளிச்சத்தில் கத்தி நன்றாகத் தெரிந்தது.

"கத்தியோட எங்க நங்கி?" பொலிஸ்காரன் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டான்.

கீழே பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. கலைச்செல்வி வெறுங்கையோடு முடக்கை நோக்கி ஓடினாள்.