பிடுங்கக் கூடாத பிளக்

மைத்துனன் பிளக்கில் கை வைப்பதற்குள் அவர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது மட்டும் வேண்டாம் மச்சான்."

"ஃபேன் போடணும் மாமா. அக்காவைச் சுத்தி அவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க. ஒயர் இங்கேர்ந்துதான் எட்டும்."

"ஜன்னலைத் திறந்து விடு. இதைத் தொடாதே."

மைத்துனன் ஃபேனைக் கட்டிப்பிடித்தபடி மேசையைப் பார்த்தான். ஒரு லேப்டாப் பேட்டரி ஓடு பிரிந்து கிடந்தது. உள்ளே செல்கள் இல்லை. விரல் அகலப் பச்சைப் பலகையில் ஒரு சிப் மட்டும். அதற்கு இரண்டு கம்பிகள் வழியாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் திரையில் எண்கள் ஓடின.

பேட்டரியின் வயதைக் கணக்கு வைப்பது அந்தச் சிப்தான். செல்கள் செத்துவிட்டன என்று ஒருமுறை தனக்குள் எழுதிக்கொண்டால், புதுச் செல்களைப் பொருத்தினாலும் நம்பாது. எழுதியதை அழிக்க ஒரு சாவி எண் வேண்டும். கம்பெனி தராது. லேப்டாப்பும் பேட்டரியும் பேசிக்கொள்வதை மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்டு, அந்த எண்ணின் முதல் பாதியை அவர் மனைவி கண்டுபிடித்திருந்தாள். மறுபாதிக்கு, எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் புரோகிராம் ஒன்றை எழுதி முந்தாநாள் ஓட விட்டாள். நடுவில் மின்சாரம் நின்றால் சிப் ஒரேயடியாகத் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்டவை ஒரு டப்பா நிறைய இருந்தன. இந்த ரகத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

இன்று காலை மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மாமியார் கதவருகில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, என் பொண்ணு அங்க கிடக்கா. நீங்க இங்க வேலை பாத்துட்டிருக்கீங்க."

"நான் பாக்கல அத்தை. அவதான் பாத்துட்டிருக்கா."

மாமியார் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே வந்து மகளின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

துக்கம் விசாரிக்க வந்த பஜார் மெக்கானிக், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அந்த அறைக்குத்தான் வந்தார். பேட்டரி பழுது பார்க்கும் தொழிலில் இவர்களுக்குப் போட்டிக்காரர். இந்தச் சிப்பைச் செய்தவனே வந்தாலும் திறக்காது என்று அவள் முகத்துக்கு நேராகச் சிரித்தவர்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"பிடிவாதக்காரிய்யா உன் வீட்டுக்காரி."

"நீங்க அன்னிக்குச் சிரிச்சதுக்காகவே செஞ்சா."

மெக்கானிக் பிளக்குக்கு முன்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அதன் பிறகு யாரும் அந்தப் பக்கம் ஒயரோடு வரவில்லை.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கூடத்தில் நாற்காலிகளை நகர்த்தினார்கள். அவரை யாரோ கூப்பிட்டார்கள். அவர் எழுந்து இரண்டடி வைத்தபோது மெக்கானிக் சொன்னார்: "நின்னுடுச்சு."

திரும்பிப் பார்த்தார். எண்கள் ஓடவில்லை. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில், திறந்தது என்று ஒரு வரி.

மெக்கானிக் குனிந்து அந்த எண்ணைப் படித்தார். மறுபடியும் படித்தார். "நாங்க இத்தனை பேர் தலையைப் பிச்சுக்கிட்டோம்" என்றார், மாமியாரைப் பார்த்து. "உங்க பொண்ணு திறந்துட்டாம்மா."

கணவர் உட்காரவில்லை. நின்றபடியே பழைய கணக்கைச் சுழியாக்கினார். கீழே தயாரித்தவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் கம்பெனியின் பெயர். அதை அவரும் மனைவியும் தொடுவதே இல்லை. பெத்தவன் பேரே இருக்கட்டும் என்பாள். அவர் அதை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு வேறொரு பெயரைத் தட்டினார். சேமித்தார்.

"என்ன மாப்பிள்ளை எழுதுனீங்க?"

அவர் திரையை மாமியார் பக்கம் திருப்பினார்.

அவள் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கினாள்.

"மாமா, எல்லாரும் காத்திருக்காங்க" என்று மைத்துனன் வாசலில் வந்து நின்றான்.

மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு கையை உயர்த்தி அவனை இருக்கச் சொன்னாள். இன்னும் இரண்டு எழுத்து பாக்கி இருந்தது.