கதிரை கேட்டதற்கு

நிஸாமின் அக்கா, அவர் ‘ராத்தா’ என்று கூப்பிடும் ஹிமாயாவின் வீட்டில் கலியாண விருந்து. உள் அறையில் பாய் விரித்து, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சகனைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். நிஸாமின் மனைவி ஹுஸ்னியா வாசலிலேயே நின்றாள்.

“ஒரு கதிரை தாங்க மதினி. எனக்குக் கீழ இரிக்க ஏலாது.”

“சகனுக்கு முன்னால ஆரும் கதிரையில இரிப்பாங்களா? முட்டு நோவு எல்லாருக்கும்தான் இரிக்கி” என்று ஹிமாயா அவளைத் தோளில் பிடித்து இருத்திவிட்டாள்.

விருந்தைக் கெடுக்கக் கூடாதென்று ஹுஸ்னியா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சாப்பிட்டு எழும்பப் பார்த்தபோது வலது முழங்கால் நிமிர மறுத்தது. இருவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

“கிறேன்தான் கொண்டு வரணும் போல” என்றது ஒரு குரல். அறையே சிரித்தது. ஹிமாயாவும் சிரித்தாள்.

ஹுஸ்னியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சிரிங்க. எண்ட முட்டுல குருத்தெலும்பு தேஞ்சி, எலும்போட எலும்பு உரசுது. இது சோம்பலும் இல்ல, பெருமையும் இல்ல. கதிரை கேட்டா மரியாதக் குறைவு, மூட்டை மாதிரித் தூக்கினா மரியாதயா?”

அவள் நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

நிஸாம் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

“சபையில ராத்தாட மானத்த வாங்கிட்டாய்.”

“ராத்தாட மானம் ஒங்களுக்கு விளங்குது. எண்ட முட்டு விளங்குதில்ல. இதுல நான் ஏற மாட்டன். ஓட்டோ புடிங்க.”

ஓட்டோவில் அவர்தான் முதலில் பேசினார்.

“இன்னும் கொஞ்ச நாள் எண்ணெய் பூசினா மாறிடும் புள்ள.”

“மாறாது! கிளினிக்ல இருந்து வந்த அண்டே சொன்னன். நீங்க டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்க. குந்தக் கூடாது, உடம்பு எடையக் குறைக்கணும், நடக்கணும், தொடைத் தசையைப் பலப்படுத்தணும். அப்பிடிச் செஞ்சா நோவு மட்டுப்படும். இனி இதோடதான் நான் சீவிக்கணும்.”

“மாறவே மாறாதா?”

அவர் குரல் உடைந்திருந்தது. இத்தனை நாளும் விதவிதமாக எண்ணெய் வாங்கி வந்தவர் அதை நம்பித்தான் வாங்கியிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் மட்டும் குறையவில்லை.

அடுத்த கிழமை மேசன் வந்து குந்தும் கக்கூசை உடைத்துக் கொமட் வைத்தார். கூப்பிட்டது நிஸாம்தான்.

அன்று ஹிமாயா போனில் கோல் எடுத்தாள்.

“இன்னும் கோவமா புள்ள?”

“ஓம் மதினி, கோவம்தான்” என்றாள் ஹுஸ்னியா, கதிரையில் இருந்தபடி வலது காலை மெல்ல நீட்டி உயர்த்திக்கொண்டு.