கொப்புளக் கை

பிரசவத்துக்காக ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்த எனக்கு, குழந்தை பிறந்த மறுமாதமே விரல் ஓரமெல்லாம் ஜவ்வரிசி போல நீர்க்கொப்புளம் கிளம்பியது. அடுத்து உள்ளங்காலிலும் வந்தது. அரிப்பு உயிரை எடுத்தது. அப்பா ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மேட்டு மண்ணு காத்துல வந்து பட்டுக்கீது. சயனைடு. கொழந்தைய தொடாத."

அவர் தங்கச் சுரங்கத்து மில்லில் வேலை பார்த்தவர். சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண்தான் ஊரைச் சுற்றி மேடு மேடாகக் கிடந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சோடா சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வீட்டில் எதையும் தொடமாட்டார். அதே சோப்பையும் வெந்நீரையும் என்னிடம் நீட்டினார். நானும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்த்தேன். தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. பால் கொடுக்கும்போது மட்டும் அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி என் மார்பில் பிடித்துக்கொள்வாள். குடித்ததும் தூக்கிப் போய்விடுவாள். பெற்ற பிள்ளையின் தலையைக்கூடத் தடவ முடியவில்லை.

கடைசியில் சண்டை போட்டுத்தான் ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அப்பாவும் கூடவே வந்தார், டாக்டருக்கு மில்லைப் பற்றிப் பாடம் எடுக்க.

டாக்டர் மம்தா வெறுங்கையாலேயே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரு வகை எக்ஸிமா. விஷமெல்லாம் இல்ல. வேர்வை, கவலை, சோப்பு எல்லாமே கிளப்பிவிடும். கொப்புளத்த ஒடைக்காதீங்க. அந்த சோப்ப தூக்கிப் போடுங்க. வெதுவெதுன்னு தண்ணில கழுவி, ஒத்தித் தொடச்சு, வாசலின் பூசுங்க. இந்த மருந்து நான் சொல்ற வரைக்கும் மட்டும்; கொழந்த வாயில படக்கூடாது. மறுபடி வரலாம், பயப்படாதீங்க. வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"எனக்கு இருந்திச்சிமா," என்றார் அப்பா. "இவ பொறந்தப்போ. தொட்டா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது."

அப்பா சுவரைப் பார்த்தார். "அப்போ, இவள நான் தூக்கியிருக்கலாமா?"

டாக்டர் மெல்லத் தலையாட்டினார்.

பெண்ணாய்ப் பிறந்ததால்தான் அப்பா என்னைத் தூக்கவே இல்லை என்று இத்தனை வருஷம் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தவள் நான். கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வீட்டுக்கு வந்ததும் கைக்கு வாசலின் பூசிக்கொண்டு குழந்தையை வாங்கினேன். தலை என் உள்ளங்கையில் அடங்கியது. அப்பா தள்ளியே நின்றார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? வாப்பா."

சட்டையில் கையைத் துடைத்துத் துடைத்து நீட்டினார்.

"எப்டி புடிக்கணும்னு தெரியலமா," என்றார்.